தூக்கிவிட்டிருக்கணும்

இங்கிலாந்தின் வடக்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாரும் யாருக்கும் கட்டளை இடுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேலாளர் ஹெலன் உணவுக்கூடத்தின் வாசலில் நின்று, புன்னகையோடு, "யூ மைட் வான்ட் டு க்ளோஸ் தட் விண்டோ, செல்வி" என்றார். அந்த ஜன்னலை மூட நீ விரும்பக்கூடும் என்பது அதன் நேர்ப்பொருள். நான் ஒரு கணம் யோசித்துப் பார்த்தேன். எனக்கு அப்படி எந்த விருப்பமும் இல்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது. "நோ, தேங்க் யூ" என்று நானும் புன்னகைத்துவிட்டு, கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தோடு அடுத்த மேசைக்குப் போனேன். ஹெலனின் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. தானே நடந்து போய் ஜன்னலை மூடினார். அன்று மாலை என் கோப்பில் 'சொன்னதைச் செய்ய மறுக்கிறார்' என்று ஒரு குறிப்பு ஏறியது. அது எனக்குத் தெரியவந்தது எட்டு மாதம் கழித்து, என்னை விசாரித்தபோது.

பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அங்கே எங்கள் தலைமை நர்ஸ், "ஏ செல்வி, அந்த ஜன்னல சாத்து" என்பார். சாத்துவேன். சாத்தாவிட்டால் இரண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்வேன், மதியம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். நூம்பலில் நான் பிறந்த வீட்டில் அதுவும் இல்லை, அப்பா கண்ணைக் காட்டினால் போதும். கோபம் கோபமாக வரும், வந்த வழியே போய்விடும். இங்கே கோபத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. கோப்பில் எழுதுகிறார்கள். ஆணைக்கு விருப்பம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மறுப்புக்கு யோசனை என்று பெயர். இந்தப் பெயர்களை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊரிலிருந்து புறப்படத் தயாராக இருக்கும் பெண்கள் சிலர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, குளிருக்கு என்ன வாங்குவது என்று கேட்கிறார்கள். குளிர் ஒன்றும் செய்யாது அம்மா. வினைச்சொல்லைப் பற்றிக் கேளுங்கள்.

எனக்கு ஆங்கிலம் கற்றுத்தந்தவர் சதீஷ். அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், செல்போன் கடைக்கு மேல்மாடியில், வெளிநாட்டு ஆங்கிலத் தேர்வுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அதற்கு முன் ஒரு கால் சென்டரில் ஆறு வருடம் அமெரிக்காக்காரர்களிடம் போனில் பேசியவர். வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் நர்ஸுகள், மீதி எஸ்டேட் தொழிற்சாலைகளில் லேத் ஓட்டியவர்களும் கணக்குப் பார்த்தவர்களும். காலை ஷிஃப்ட் முடிந்து பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போது எனக்குக் கண் சொருகும். சதீஷ் வெள்ளைப் பலகையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, காலங்களை அதில் அடைத்து வைத்திருந்தார். கட்டங்கள் எனக்குச் சுலபமாகவே வந்தன. அதன் பிறகு துணைவினைகள் வந்தன: கேன், குட், மே, மைட், ஷுட், மஸ்ட். இவற்றுக்கு அவர் ஒரே ஒரு வகுப்புதான் ஒதுக்கினார்.

"மஸ்ட்டுன்றது அதிகாரம். வெள்ளக்காரனுக்குச் சுத்தமா ஆவாது. மஸ்ட் வர்ற எடத்துலலாம் ஷுட் போட்டுக்குங்க, மரியாதையா இருக்கும்" என்றார். நாங்கள் பன்னிரண்டு பேரும் எங்கள் நோட்டில் 'மஸ்ட்' இருந்த இடத்திலெல்லாம் ஒரு கோடு கிழித்தோம். நான் ஸ்கேல் வைத்துக் கிழித்தேன்.

தேர்வில் தேறிவிட்டேன். கணவர் மணிக்கு அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. மகள் பதினொன்றாம் வகுப்பு. இருவரையும் அண்ணனூரில் விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது என்று அப்போதே சட்டம் மாறியிருந்தது. நர்ஸாக இருந்தவள் இங்கே பராமரிப்பாளராகத்தான் சேர முடிந்தது. அதைப் பற்றி வேறொரு கோபம் உண்டு, அது இப்போது வேண்டாம்.

என் பொறுப்பில் இருந்தவர்களில் டோரதி என்ற பெண்மணிக்கு எண்பத்தொன்பது வயது. காலை உணவு முடிந்ததும் மறுபடி படுக்கையில் கொஞ்ச நேரம் சாய வேண்டும் அவருக்கு. சாய்த்துவிட்டு, கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி, 'டக்' என்று சத்தம் வரும்வரை பூட்டிவிட்டு வெளியே வர வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்தக் கம்பியை நான் தூக்குவேன். அந்த அறையில், பக்கத்து அறையில், எதிர் அறையில். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். டோரதி கட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் நான்தான். தரையில் கிடந்தவர் என் முகத்தைப் பார்த்து, வலியிலும், "சாரி, டியர்" என்றார். கட்டிலின் கம்பி இறங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் ஹெலன் ஒரு தாளை நீட்டி, நடந்ததை எழுதித் தரும்படி கேட்டார். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அன்று காலை டோரதியின் கம்பியைத் தூக்கிய அந்தக் கணம் தனியாக என் நினைவில் இல்லை. முப்பது தடவை செய்கிற வேலையில் எந்தத் தடவை நினைவில் நிற்கும்? ஆனால் தூக்கியிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது வருடப் பழக்கம் அது. தமிழில் என் மனம் சொன்ன சொல், 'தூக்கிவிட்டிருக்கணும்.' அவரு இந்நேரம் ஊட்டுக்குப் போயிருக்கணும் என்று சொல்கிறோம் அல்லவா, அந்த 'ணும்'. போயிருப்பார், சந்தேகமில்லை என்ற பொருளில். அந்தப் பொருளில்தான் நினைத்தேன். ஆங்கிலத்தில் அதற்கு 'மஸ்ட் ஹாவ்' என்று எழுத வேண்டும். ஆனால் மஸ்ட் மரியாதை இல்லையே. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தவள் ஆயிற்றே நான். "ஐ ஷுட் ஹாவ் புட் அப் த ரெயில்" என்று எழுதினேன். அதோடு விடாமல், "ஐ ஷுட் ஹாவ் செக்ட் இட்" என்றும் எழுதி, கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன்.

தமிழின் 'ணும்' இரண்டு வேலை பார்க்கிறது. நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும் என்றால் நீ சொல்லவில்லை என்று பொருள். அதே சொல்தான், குரலை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். ஷுட் ஹாவ் என்றால், செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. என் கையாலேயே, என் கையெழுத்தோடு, நான் கம்பியைத் தூக்கவில்லை, சரிபார்க்கவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஹெலன் அதைப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். இவ்வளவு நேர்மையாக இருந்ததற்கு நன்றி என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு, இரண்டொரு நாள் வீட்டிலேயே இருக்க நீ விரும்பலாம் என்றார். இல்லை, என்னால் வேலை செய்ய முடியும், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அவர் அதே வாக்கியத்தை அதே புன்னகையோடு மறுபடியும் சொன்னார். அது பணி இடைநீக்கம் என்பது இரண்டு நாள் கழித்து வந்த கடிதத்தில்தான் புரிந்தது. 'நீங்கள் ஒப்புக்கொண்டபடி' என்று அந்தக் கடிதம் ஆரம்பித்திருந்தது.

முதல் விசாரணையில் நான் பேசிய எதுவும் எடுபடவில்லை. நான் அந்தப் பொருளில் எழுதவில்லை என்றேன். ஆனால் இதைத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார் ஹெலன். என் மொழியில் அதற்கு வேறு பொருளும் உண்டு என்றேன். நீங்கள் ஆங்கிலத் தேர்வில் தேறித்தானே வந்தீர்கள் என்றார். அது உண்மை. பொய் சொல்லித் தேறினேனா, தேறிவிட்டுப் பொய் சொல்கிறேனா என்ற இரண்டு வழிகளைத்தான் அந்தக் கேள்வி எனக்கு விட்டுவைத்தது. ஜன்னல் விஷயம் அப்போதுதான் மேசைக்கு வந்தது. அடுத்த விசாரணை ஒரு வாரம் கழித்து என்று முடிவானது. குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், சில வாரங்களில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதையும் அவர்கள் 'நேரக்கூடும்' என்றுதான் சொன்னார்கள்.

மணியிடம் போனில் சொன்னேன். பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரம் அவருக்கு. பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முழுதும் கேட்டுவிட்டு, "இன்னாமே, ஒரே ஒரு வார்த்தைக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அத்த முன்னாடியும் அப்டித்தான எய்தியிருப்ப? நீ எய்துற ஆளாச்சே, டெய்லி எய்துவியே. அத்த எடுத்துக் காட்டு" என்றார்.

அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனாவைத் தேடுவார். எனக்கு மூன்று நாளாக எட்டாத யோசனை அவருக்கு ஒரு நிமிடத்தில் எட்டியது.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரைப் பற்றியும் பராமரிப்புக் குறிப்பு எழுதுவது எங்கள் வேலை. விசாரணைக்காக என் குறிப்புகளின் நகலைக் கேட்டேன். மறுக்க முடியாமல் கொடுத்தார்கள். எட்டு மாதக் குறிப்புகள். அறையில் கட்டில் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட ஆரம்பித்தேன். 'தட்டு காலியாக இருக்கிறது, அவர் சாப்பிட்டிருக்கணும்' என்ற பொருளில் ஷுட் ஹாவ் ஈட்டன். 'விளக்கு அணைந்திருக்கிறது, தூங்கியிருக்கணும்' என்ற பொருளில் ஷுட் ஹாவ் ஸ்லெப்ட். அவருடைய மகள் வந்து போயிருக்கணும், பூ புதிதாக இருக்கிறது. மாத்திரையை விழுங்கியிருக்கணும், வாயைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே தப்பு. நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். என் தப்புகளைப் பார்த்து முதலில் வெட்கத்தில் முகம் சுட்டது. பிறகுதான் ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் கவனித்தேன். 'படித்தேன்' என்று போட்டு, அதன் கீழ் ஹெலனின் கையெழுத்து. எட்டு மாதமும், ஒரு பக்கம் விடாமல்.

அவர் படித்ததே இல்லை. படித்திருந்தால், காலித் தட்டின் பக்கத்தில் அவர் சாப்பிட்டிருக்க வேண்டும், சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறதே என்று ஒரு நாளாவது கேட்டிருப்பார். விழுங்க வேண்டிய மாத்திரையை ஒருவர் விழுங்கவில்லை என்று என் ஆங்கிலம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எட்டு மாதத்தில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் அவர் உட்கார்ந்து, சொல் சொல்லாகப் படித்த வாக்கியங்கள் இரண்டே இரண்டு. அவை அவருக்கு வசதியாக இருந்த இரண்டு. அந்த அறையில் நான் அழவில்லை. பக்கங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன்.

இரண்டாவது விசாரணைக்கு நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். நரைத்த முடி, சிரிக்காத முகம். அந்த நாட்டில் சிரிக்காத முகத்தைக் கண்டு எனக்கு முதன்முதலாக நிம்மதி வந்தது. நான் அடிக்கோடிட்ட பக்கங்களை அவர் முன்னால் வைத்தேன். ஒரு பக்கத்தைக் காட்டி, இந்த அம்மா அன்று சாப்பிட்டாரா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் படித்தார். அடுத்த பக்கம், அதற்கும் அடுத்தது. பிறகு ஹெலன் பக்கம் திரும்பி, இதில் இருப்பது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஹெலன் ஆமாம் என்றார். அந்த 'யெஸ்' மிகச் சிறியதாக இருந்தது.

அந்தப் பெண் அடுத்துக் கேட்ட கேள்வி, யாரும் அதுவரை கேட்காத கேள்வி. அன்று காலை அந்த அறைக்கு வேறு யாராவது போனார்களா? பார்வையாளர் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். டோரதியின் அக்கா மகள் அன்று பத்தரைக்கு வந்து பத்தே முக்காலுக்குப் போயிருந்தார். அங்கேயே, எங்கள் முன்னிலையிலேயே, அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஆமாம், சித்தியை அணைத்துக்கொள்ளக் கம்பி தடுத்தது, அதனால் இறக்கினேன், ஏன், அதில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார் அவர். திரும்பத் தூக்கிவிட அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதும் சொன்னார். கேட்கத்தான் ஆள் இல்லை.

நான் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். ஹெலன் தன் அறைக்கு என்னை அழைத்து, "ஐ குட் ஹாவ் ஹேண்டில்ட் திஸ் பெட்டர்" என்றார். இதை நான் இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம். 'லாம்' அவ்வளவுதான். அவர் வாயில் குட் ஹாவ் என்பதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. என் கையில் ஷுட் ஹாவ் என்பதற்கு ஒரு நாடே போக இருந்தது. பிறகு, வேலையைத் தொடங்க நீ விரும்பக்கூடும் என்றார்.

அடுத்த விடுப்பில் ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாளே அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். சதீஷின் வகுப்பு இப்போது இரண்டு மாடி. படிக்கட்டின் சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ். வெளிநாடு போனவர்களின் முகங்கள் வரிசையாக, மூன்றாவது வரிசையில் என் முகம். கீழே இங்கிலாந்து என்று போட்டிருந்தது. என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறார்கள். மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சதீஷ் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, நம்ம ஸ்டூடன்ட் என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தப் போனார். நான் நேராகப் போய் அவர் கையிலிருந்த மார்க்கரை வாங்கினேன். பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினேன், ஒன்று மஸ்ட் ஹாவ், ஒன்று ஷுட் ஹாவ். முதலாவது, கம்பியைத் தூக்கியவள் எழுத வேண்டியது. இரண்டாவது, தூக்காதவள் எழுத வேண்டியது என்றேன். இவர் சொன்னதைக் கேட்டு நான் இரண்டாவதை எழுதினேன் என்று நடந்ததை முழுதும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் தலை நிமிராமல் அந்த இரண்டு வாக்கியங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சதீஷ் என்னை வெளியே, படிக்கட்டுக்கு அழைத்துவந்தார்.

"பாஸ் ஆனீங்களா இல்லியா?" என்றார். "நான் பாஸ் பண்ண வெக்கறேன்னுதான சொன்னேன்."

"பாஸாகி இன்னா பண்றது? என்னியத் திருப்பி அனுப்பியிருப்பாங்க."

சதீஷ் சுவரில் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கால் சென்டர்ல மொத வாரம் மஸ்ட்டுன்னு சொன்னதுக்கு ஒருத்தி போன்லியே என்னிய கிழிச்சா. மேனேஜர் அன்னிக்கே எழுதி ஒட்டிட்டான், மஸ்ட் கூடாதுன்னு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான் சொல்லுங்க? நான் அம்பத்தூர் தாண்டிப் போனதே கெடையாது."

நான் கொண்டுபோன கோபத்தில் பாதியை அவரிடம் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. காரணம் சொல்லாமல் மஸ்ட் கூடாது என்று ஒருவன் அவருக்கு எழுதி ஒட்டியிருக்கிறான். அவர் அதைப் பாடமாக்கிவிட்டார். கீழே இறங்கும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டு, நடந்து முடிந்ததை ஊகித்துச் சொன்னால் மட்டும் மஸ்ட் ஹாவ், அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஃப்ளெக்ஸிலிருந்து என் முகத்தை எடுக்கச் சொன்னேன். எடுக்கிறேன் என்றார், எடுத்தாரா தெரியாது.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தபோது மணி என்னை அண்ணனூர் ரேஷன் கடைக்கு அழைத்துப் போனார். அட்டையில் பெயர் உள்ள எல்லோரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்களாம். அவரும் மகளும் போன மாதமே வைத்துவிட்டார்கள். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், அந்தச் சிறு கருவியின் கண்ணாடியில் ஆள்காட்டி விரலை வைத்தேன். கருவி எடுத்துக்கொள்ளவில்லை. கட்டை விரலை வைத்தேன். இடது கையை வைத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கிருமிநாசினி, கையுறை, மறுபடி கிருமிநாசினி, ரேகை தேய்ந்துவிட்டிருந்தது. என் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

கடையில் இருந்த பெண் கருவியைத் தன் பக்கம் திருப்பி, அதைத் துடைத்து, மறுபடி என் பக்கம் நகர்த்தினார். கோபம் இல்லை அவருக்கு; அலுப்புதான்.

"நீங்க ஊர்லதான் கீறீங்களா, வெளிநாட்லயா? இன்னான்னு போடறது?"

மணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பில் விரலை அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடியும் அந்தக் கண்ணாடியின் மேல் வைத்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே நின்றேன்.